எந்த ஊசி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கால்வாய்க்கரையில் ஒருவருக்கும் தெரியாது. எந்நேரமும் கொசுவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததால் முதலில் ‘கொசு அக்கா’ என்றார்கள். குழந்தைகள் வாயில் அது தேய்ந்து ‘கொசுக்கா’ ஆகிவிட்டது. பல் போன பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. மலேரியா ஆய்வு நிலையத்தில் அவளுடைய வேலைக்கு நீட்டி முழக்கி ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

டாக்டர்கள் ஊசி போடுவார்கள், நர்சுகள் ரத்தம் எடுப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் வீடு வீடாகப் போய், இது எதற்கு, இதில் என்ன ஆபத்து, வேண்டாமென்றால் எந்த நிமிடமும் விலகிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் அவள் வேலை. பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, தன் விரலையே குத்தி அந்த ஒரு சொட்டைக் காட்டி, இதை வாங்கினால் ஒரு கொசுவுக்குக்கூட வயிறு நிறையாதே என்றாள். கூட்டம் சிரித்துவிட்டது. பேச்சும் அடங்கியது.

சிரிக்க வைக்க முடியாத விஷயம் ஒன்றிருந்தது. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மலேரியாவுக்கான புது ஊசி. மீதிப் பாதிக்கு, வேறொரு நோய்க்கு ஏற்கெனவே எல்லா இடத்திலும் போட்டுவரும் பழைய ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போலக் கணினி முடிவு செய்யும். பெற்றவர்களுக்கும் தெரியாது, போடுகிறவர்களுக்கும் தெரியாது. அப்படிச் செய்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் புது ஊசி நிஜமாகவே காக்கிறதா என்று சொல்ல முடியும். இதைச் சொன்ன அன்றைக்குக் கால்வாய்க்கரைத் தையற்காரர் ஒருவரின் மனைவி, போடுகிற உங்களுக்கே தெரியாதா, நல்ல கூத்தாக இருக்கிறதே என்று கேட்டாள். அன்று முழுக்க அவர்கள் வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப விளக்கிய பிறகுதான் அவள் தன் ஒரே மகனைச் சேர்க்கச் சம்மதித்தாள்.

அந்தப் பையன்தான் செத்துப்போனான்.

மூன்றாவது ஊசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் ஜுரம் வந்ததாம். காலையில் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. கொசுக்கா நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தபோது வரவேற்பறை நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள். மேலே கூட்ட அறையில் எல்லோரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை டாக்டரம்மா பதறுகிறவர் அல்ல. ஆய்வை வெளியிலிருந்து கண்காணிக்கும் குழுவுக்குத் தகவல் போய்விட்டது, ஊசி போடுவதை இந்த நிமிடத்திலிருந்து நிறுத்தியாகிவிட்டது, விசாரணை முடியும்வரை நிலையத்து ஆட்கள் யாரும் கால்வாய்க்கரைக்குப் போக வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். கொசுக்கா எழுந்து நின்றாள்.

“இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போகலைன்னா அப்புறம் என்னைக்குமே போக முடியாது டாக்டர்.”

“போய் என்ன சொல்லுவீங்க?”

“தெரிஞ்சதைச் சொல்லுவேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவேன்.”

“தெரியாதுன்னு சொன்னா ஆமான்னு எடுத்துப்பாங்க. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியலைன்னு சொல்லுங்க.”

“அது நமக்குத் தெரியுமா டாக்டர்?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கடைசியில், டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, நிலைமை சரியில்லையென்றால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அவளுடைய நாத்தனார், அவள் புருஷனின் ஒரே தங்கை, வாழ்க்கைப்பட்டது அதே கால்வாய்க்கரையில்தான். நாத்தனாரின் நாலு வயசுப் பெண்ணும் ஆய்வில் இருந்தாள். நாத்தனார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சேர்த்துவிட்டாள். அன்று காலை புருஷன் போன் செய்து, தங்கச்சி போனை எடுக்க மாட்டேனென்கிறாள், போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னான். அவளும் போட்டுப் பார்த்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நிலையத்து டிரைவர் வாய் ஓயாத மனுஷன். வழக்கமாக, போய்ச் சேர்வதற்குள் மூன்று குடும்பக் கதைகளைச் சொல்லி முடித்துவிடுவார். அன்று வண்டி கிளம்பியதிலிருந்து ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். கால்வாய்ப் பாலம் தாண்டி குடியிருப்புக்குத் திரும்பும் இடத்தில் ஒரு தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இரும்புக் குழாய்களை அடுக்கியிருந்தார்கள். வண்டி நின்றதும் சுற்றிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் தையற்காரரின் அண்ணன். பாலத்தடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டார்.

“இறங்குங்க,” என்றார் கொசுக்காவிடம். “வண்டி இங்கேயே நிக்கட்டும். எங்களுக்குப் பதில் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க.”

அவள் இறங்கினாள். எத்தனையோ தடவை நடந்த தெருதான். ஒவ்வொரு வாசலிலிருந்தும் யாராவது எதையாவது சொல்லிச் சீண்டுவார்கள். அன்று இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றும் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தையற்காரரின் வீட்டில் முன்னறையைக் காலி செய்வதற்காகத் தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்திருந்தார்கள். பாதி தைத்த சட்டை ஊசியில் மாட்டியபடியே தொங்கியது. உள்ளே பையனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தையற்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி இவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். அழுதுகொண்டே இருந்தால் தேவலையே என்று கொசுக்காவுக்குத் தோன்றியது.

“எந்த ஊசி போட்டீங்க?”

“தெரியாதும்மா.”

“தெரியாம எப்படி ஒரு குழந்தைக்கு ஊசி போடுவீங்க?” என்று பின்னாலிருந்து பட்டறைக்காரர் கேட்டார்.

அவள் குலுக்கல் முறையைப் பற்றிச் சொன்னாள். சமுதாயக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து சொன்னபோது நியாயமாகத் தெரிந்த வார்த்தைகள். செத்த பிள்ளையின் பக்கத்தில் நின்று சொல்லும்போது அவளுக்கே கூசியது. இருந்தாலும் சொல்லி முடித்தாள்.

“ஊசியாலதான் போனானா? அதையாவது சொல்லுங்க.”

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம்.

“அதுவும் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தத்தைச் சோதிக்கிறாங்க. எந்த ஊசின்னும் பார்ப்பாங்க. முடிவு எப்படி வந்தாலும், எங்க மேலதான் தப்புன்னாலும், நானே வந்து உங்க காதுபடச் சொல்றேன்.”

இருக்கலாம் என்ற வார்த்தை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனதும் கூட்டம் கொதித்தது. எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து அவள் தோளில் பட்டு விழுந்தது. தையற்காரரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டறைக்காரர் கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். ஆனால் சாவியைத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்தச் சந்தடியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவள் காதோடு காதாகச் சொன்னாள். உன் நாத்தனார் மகளுக்கு நேற்றிலிருந்து அனலாகக் கொதிக்கிறது, அவள் புருஷன் கதவைப் பூட்டிக்கொண்டு யாரையும் உள்ளே விடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று.

கொசுக்கா யாரையும் கேட்காமல் வெளியே வந்து நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. நாத்தனார் புருஷன் கொத்தனார், ஆள் வாட்டசாட்டம். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர், நிலைப்படியில் குறுக்கே கையை ஊன்றி நின்றுகொண்டார். இத்தனை வருஷமாக அவளை மரியாதை குறையாமல் பேசியவர், உறவு எல்லாம் இன்றோடு போதும், ஒரு பிள்ளை போனது பத்தாதா என்றார். அவள் கெஞ்சினாள், அதட்டியும் பார்த்தாள். ஜுரம் வந்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்றாள். அவர் அசையவில்லை. உள்ளிருந்து நாத்தனாரின் குரல் மட்டும் வந்தது.

“அண்ணி, போயிடுங்க. என் வாயால உங்களைத் திட்ட வெச்சிடாதீங்க.”

வேறு வழி தெரியாமல் அவள் அங்கேயே நின்றாள். கூட்டத்தில் சிலர் கொத்தனார் செய்வதுதான் சரி என்றார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். அப்போது உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. அடுத்த விநாடி நாத்தனாரின் அலறல் வந்தது.

“அண்ணி, இங்க வாங்க, கண்ணு சொருகுது!”

கொத்தனார் திரும்பிப் பார்த்த அந்த இடைவெளியில் அவள் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். தகரக்கூரைக்கு அடியில் அறை அடுப்பு மாதிரி காய்ந்தது. குழந்தை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. அவள் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வாயில் கரண்டியைத் திணிக்கப் போன நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள். பையில் மலேரியா சோதனைப் பட்டை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. வெட்டு கொஞ்சம் தணிந்ததும் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எங்க கொண்டு போறீங்க? உங்க இடத்துக்கா?” கொத்தனாரின் குரல் உடைந்திருந்தது.

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அண்ணா. நீங்களும் கூட வாங்க. உங்களைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க.”

கொத்தனார் வழிவிட்டார். ஆனால் வண்டிச் சாவி பட்டறைக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் தெரு நடுவில் நின்றார். குழந்தையைப் பார்த்தார், தம்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள். வண்டியை விட்டால் இவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள் என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“நானும் வண்டியில வரேன்,” என்றார் பட்டறைக்காரர். “குழந்தையும் சாகக் கூடாது. நீங்களும் தப்பிக்கக் கூடாது.”

தள்ளுவண்டியை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். பட்டறைக்காரர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு டிரைவருக்குச் சந்து சந்தாக வழி சொன்னார். சந்தையடியில் வண்டிகள் மொய்த்து நின்றபோது ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டு, வழி விடுங்கய்யா, குழந்தை, குழந்தை என்று கத்தினார். சற்றுமுன் இவளை அதட்டிக் கேட்ட அதே தொண்டை. பின்சீட்டில் நாத்தனார் தன் மகளின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொசுக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

பட்டறைக்காரர் இறங்கி ஓடி கேட்காரரிடம் மன்றாடினார். சிக்னல் விழுந்த பிறகு திறக்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். சரக்கு ரயில் ஆற அமர வந்தது. பெட்டிகள் முடிகிற வழியைக் காணோம். குழந்தைக்கு மறுபடி இழுப்பு வந்தது, பிறகு அடங்கி உடம்பு துவண்டது. மூச்சு இருக்கிறதா என்று கொசுக்கா மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ரயில் சத்தத்தில் எதுவும் தெரியவில்லை. கொத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கு அண்ணா,” என்றாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியாது. அன்று முழுவதும் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததும் மலேரியாதான், மூளைவரை ஏறிவிட்டது என்று சொல்லி நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பட்டறைக்காரர் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தவர், தம்பி மகனை அடக்கம் செய்ய நேரமாகிவிட்டது என்று போன் வந்த பிறகுதான் எழுந்தார். சாவியை டிரைவரிடம் கொடுத்தார். 

குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் ஸ்பூனால் தண்ணீரைப் புகட்டிவிட்டு, முதல் தடவையாக அவளைப் பார்த்தாள்.

“இவளுக்கு எந்த ஊசி அண்ணி?”

“அதுவும் தெரியாது,” என்றாள். நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி மகள் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் கால்வாய்க்கரையில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விலகிக்கொண்டன. நாத்தனார்தான் முதல் ஆள். விலகுவது அவர்கள் உரிமை என்று வாய் வலிக்கச் சொன்னவள் அவளேதான். அதனால் ஒருவரையும் தடுக்கவில்லை. விலகினாலும் ஜுரம் வந்தால் பார்ப்பார்கள், கதவைச் சாத்தாதீர்கள் என்று மட்டும் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். சில வாசல்களில் அதையும் கேட்க ஆளில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் பாரம் இறங்கிய களை தெரிந்தது. வெளிக் குழு பார்த்துவிட்டது என்றார். பையன் இறந்தது மலேரியாவில். அவனுக்கு விழுந்தது பழைய ஊசி.

“புது ஊசி அவனுக்குப் போடவே இல்லை. தப்பிச்சோம்,” என்றவர், அந்த வார்த்தை வெளியே வந்த பிறகு அதைக் கேட்டவர்போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் இது எப்படி இறங்கும் என்று கொசுக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கொடுத்த வாக்கு. குழுவின் அனுமதி கிடைத்ததும் கிளம்பினாள். டாக்டரம்மா தானும் வருகிறேன் என்றார். வாருங்கள், ஆனால் நான்தான் பேசுவேன் என்றாள்.

தையல் மெஷின் மறுபடி முன்னறைக்கு வந்திருந்தது. டாக்டரம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தையற்காரர், மனைவி, பட்டறைக்காரர் மூவரும் எதிரே. கொசுக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். 

“அப்ப அந்தப் புது ஊசி அவனுக்கு விழுந்திருந்தா?” என்று கேட்டாள் பையனின் அம்மா.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொசுக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“பிழைச்சிருப்பானான்னு தெரியாதும்மா. அந்த ஊசி காக்குமான்னே இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான்...”

அவளால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பையனின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான், இத்தனை நாளும் வாயே திறக்காத தையற்காரர் பேசினார்.

“ஊசி போட மூணு தடவையும் உங்க வண்டி வாசலுக்கே வந்துச்சு. ஜுரம் வந்த அன்னைக்கு நீங்க குடுத்த அவசர நம்பருக்குப் போன் போட்டேன். பொழுது போயிடுச்சு, வண்டி காலையிலதான்னாங்க. அக்கம்பக்கத்துல ஒரு ஆட்டோவும் கிடைக்கலை. விடியுற வரைக்கும் மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தோம்.”

கொசுக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவருக்கும் இது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. ஊசிமேல் தவறு இல்லை என்று நிம்மதியாக வந்தவர், அங்கேயே உட்கார்ந்து, யார் போனை எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தப்பு எங்கள் மேல்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார்.  தையற்காரர் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், தைக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மன்றாடிப் பெற்றதுதான். மேலிடத்தில் ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் ஆய்வுக்குத்தான் என்றார்கள். கொசுக்கா பட்டறைக்காரரையே அழைத்துப்போய் அவர்கள் முன்னால் உட்காரவைத்தாள். அவர் தணிந்த குரலில் பேசத் தெரியாதவர். அன்று அது நல்லதாகப் போயிற்று. பாலத்தடியில் அவருடைய பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்தார்கள். ஆய்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜுரம் வந்த எந்தக் குழந்தைக்கும் அங்கே ரத்தம் பார்த்து உடனே மருந்து கொடுக்கலாம். வாசலில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்கும். பட்டறைக்காரர் மாதக் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கொசுக்காவுக்கு வியர்க்கும்வரை கேள்வி கேட்டார். அவள் தெரியாது என்று சொன்ன இடங்களில், எப்போது தெரியும் என்று திருப்பிக் கேட்டார்.

நாத்தனார் பேச ஆரம்பித்தாள், பழையபடி அல்ல. இப்போது எதைச் சொன்னாலும் ஏன் அண்ணி என்று கேட்கிறாள். அது ஒருவிதத்தில் நல்லதுதான் என்று கொசுக்கா புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது.

தையற்காரரின் மனைவி அந்த அறைப்பக்கமே வந்ததில்லை. கொசுக்கா எதிரே வந்தால் பேசுவதும் இல்லை. ஆனால் வண்டி அவசரமாகக் கிளம்பும் சத்தம் கேட்டால் மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவாள். யாரோட பிள்ளை என்று போகிற வருகிறவர்களிடம் கேட்பாள். அந்த வண்டி திரும்பி வந்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று டிரைவர் சொல்லும்வரை உள்ளே போக மாட்டாள்.